திக்கும் படமும் திகைக்கும் பொறியும்

கொக்குவிலிலிருந்து ஓர் அம்மையார் எழுதிய கடிதம் சில வாரங்களுக்கு முன்னர் எமக்குக் கிடைத்தது. அவருடைய கணவர் கட்டார் நாட்டிலே தொழில் புரிபவர். உயர்தர வகுப்பிற் பயிலும் மகனுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து, ஒருவர் பாவித்த கணினியொன்றை வாங்கிக் கொடுத்திருக்கின்றனர். பாவித்ததேயாயினும் வலிய பொறி. பாடம் முடிந்த இரவுகளில் மகன் அதிலே விளையாடுவதும் உண்டு. விளையாடும்போது படம் திக்கித் திக்கி வருகின்றது, இடையிடையே ஒரு கணம் அப்படியே உறைந்தும் போகின்றது என்பது அவனுடைய முறைப்பாடு. கடைக்குக் கொண்டு சென்றனர். கடைக்காரர் இயக்கிப் பார்த்து, "செக்கனுக்கு 120 படம் வருகிறது, இதில் ஒரு குறையுமில்லை," என்றார். சற்று நேரத்தின் பின்னர் அவரே, "வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பெரிதாகப் போடலாம்," என்றும் கூறினாராம். "பொறி நல்லதென்றால் மகன் பொய் சொல்கிறானா? அவன் சொல்வது மெய்யென்றால் புதுக் கார்ட் வாங்கத்தான் வேண்டுமா? அவருக்கு நான் என்னவென்று எழுதுவது, ஐயா?" என்று அம்மையார் வினவியிருந்தார்.

கணினி விளையாட்டுக்கு ஒரு கட்டுரையா என்று முகஞ் சுழிக்கும் பெரியோர் இப்பகுதியின் வாசகரிடையே உளர் என்பதை அறிவோம். ஆயினும் இங்கே எழுந்துள்ள வினா விளையாட்டைப் பற்றியதன்று. பிள்ளையின் சொல்லை வீட்டார் நம்புவதா என்பதும், கடல் கடந்து உழைப்பவர் அனுப்பும் பணத்தை எதிலே இடுவது என்பதுமே வினா. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை யாரும் மறந்திரார். ரூபா அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. இறக்குமதியாகும் பாகமொன்றை ஐயத்தின் பேரில் வாங்கிப் பார்ப்பது எளிய குடும்பத்துக்கு இயலுங் காரியமா?

முதலிற் கூறவேண்டியது, மகன் சொன்னதும் மெய்யாகலாம், கடைக்காரர் சொன்னதும் மெய்யாகலாம் என்பதே. கணினித் திரையில் அசைவதாக நாம் காண்பது ஒன்றன்பின் ஒன்றாக மாறும் நிலைப்படங்களின் வரிசை. செக்கனுக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் உண்டு. இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 59 படங்கள் பத்துப் பத்து மில்லிசெக்கனில் விரைந்து வந்துவிட்டன. அதற்கு 590 மில்லிசெக்கன் சென்றது. எஞ்சிய ஒரு படம் மட்டும் 410 மில்லிசெக்கன் எடுத்துக்கொண்டது. மொத்தம் ஒரு செக்கன், 60 படம். கணக்கெடுக்கும் மென்பொருள் "60" என்றே காட்டும். பார்ப்பவன் கண்ணுக்கோ ஏறக்குறைய அரைச் செக்கன் உலகமே நின்றுவிட்டது.

தவில் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆவர்த்தனத்தில் விழவேண்டிய அடிகள் அத்தனையும் விழுந்துவிட்டன; ஆனாற் பல அடிகள் நெருக்கியடித்து வந்தன, ஒன்று மட்டும் பிந்திற்று. எண்ணிப் பார்ப்பவன் குறையில்லை என்பான். கோயில் வீதியிலே நின்று கேட்பவன் முகஞ் சுழிப்பான். திரைப்படம் பேசத் தொடங்கிய 1920களின் இறுதி தொட்டு, செக்கனுக்கு 24 படம் என்னும் அளவே அங்கு வழக்கில் நிலைத்தது; எனினும் அது திக்குவதாக எவருங் குறை கூறுவதில்லை. இருபத்து நான்கும் ஒரே இடைவெளியில் வருவதே காரணம். கண்ணுக்கு வேண்டியது எண்ணிக்கையினும் ஒழுங்கே.

இவ்வுண்மையைக் கணினியைச் சோதிப்போரே நெடுங்காலம் கவனியாதிருந்தனர். 2011ஆம் ஆண்டு செப்டெம்பரில், தி டெக் றிப்போர்ட் என்னும் வெளியீட்டில் ஸ்கொட் வாசன் என்பவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரு செக்கனுக்குள்ளே நிகழ்வதைப் பார்க்காமற் செக்கனை முழுதாக எண்ணுவது போதாது என்றும், ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே அளக்கவேண்டும் என்றும் அவர் காட்டினார். சராசரியிற் சமமாக நின்ற கார்டுகள் அவ்வளவையிற் சமமாக நிற்கவில்லை. 2013இல் ஏ.எம்.டி. நிறுவனம், இரு கார்டுகளை ஒருங்கே பூட்டிய கணினிகளிற் படங்கள் சீரான இடைவெளியில் வருமாறு தன் மென்பொருளைத் திருத்தவேண்டி வந்தது. இன்று எந்தச் சோதனைக் கட்டுரையிலும் சராசரிக்குப் பக்கத்தில் "ஒரு சதவீதத் தாழ்வு" என்று ஓர் எண் காணப்படும். மிகவும் பிந்திய நூற்றிலொரு பங்குப் படங்கள் எவ்வளவு மெதுவாக வந்தன என்பதை அது சொல்லும். இன்டெல் நிறுவனம் இலவசமாகத் தரும் பிறசென்ற்மொன் என்னும் மென்பொருள் இதனை வரைபடமாகவே தீட்டிக் காட்டும். கோடு சமதரையாகச் சென்றால் நன்று. இடையிடையே ஊசிமுனை போல எழுந்தால், பிள்ளை சொன்னது மெய்.

இனி, வலிய பொறி ஏன் திக்கவேண்டும்? ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்து அச்சுக்கூடமொன்றை மனத்திற் கொள்வோம். எழுத்துக் கோப்பவர் பக்கத்தை ஆயத்தஞ் செய்து கொடுக்க, அச்சுப்பொறி அதனை அடித்துத் தள்ளும். கணினியிற் புரொசஸர் எழுத்துக் கோப்பவர். கிராபிக்ஸ் கார்ட் அச்சுப்பொறி. கோப்பவரின் கைக்கெட்டும் எழுத்துப் பெட்டியே றாம் எனப்படும் நினைவகம். பெட்டியில் இல்லாத எழுத்தைக் கொல்லைப்புறக் களஞ்சியத்திற் சென்று எடுத்து வரவேண்டும். அக்களஞ்சியமே ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. கோப்பவர் களஞ்சியத்துக்குப் போய்விட்டால், அச்சுப்பொறி எத்துணைப் பெரிதாயினும் சும்மா நிற்கும். அவ்வேளையில் இன்னும் பெரிய அச்சுப்பொறி வாங்கி என்ன பயன்? கடைக்காரரின் ஆலோசனை பிழை என்று நாம் சொல்லவில்லை. பொறி எங்கே காத்து நிற்கின்றது என்று பாராமற் சொன்ன ஆலோசனை என்கின்றோம்.

களஞ்சியத்தின் தூரம் சிறிதன்று. சுழலுந் தட்டிலிருந்து சிதறிக் கிடக்குந் தரவைத் தேடி எடுக்க ஒவ்வொரு முறையும் பல மில்லிசெக்கன் செல்லும்; எஸ்.எஸ்.டி.யில் அது ஒரு மில்லிசெக்கனிலுங் குறைவு. 2023இல் வெளிவந்த ஸ்டார்பீல்ட் என்னும் விளையாட்டு எஸ்.எஸ்.டி. இன்றியமையாதது என்றே விதித்தது. சைபர்பங்க் 2077உம் அவ்வாண்டிலேயே பழைய தட்டுகளைக் கைவிட்டது. வலிய கார்டைப் பூட்டி, விளையாட்டைப் பழைய தட்டிலே ஏற்றி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

மற்றொரு தாமதம் பலர் அறியாதது. ஒளியும் நிழலும் நீரின் அலையும் எவ்வாறு தோன்றவேண்டும் என்று கார்டுக்குக் கூறுஞ் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். அவை ஒவ்வொரு கார்டின் மொழியிலும் புதிதாக ஆக்கப்படவேண்டியவை. அச்சுக்கூட உவமையிற் சொல்வதாயின், தேவையான எழுத்து களஞ்சியத்திலும் இல்லை. ஈயத்தை உருக்கி அப்பொழுதுதான் வார்க்கவேண்டும். புதிய மாயவித்தை முதன்முறை திரையில் வரும்போது பொறி ஒரு கணம் திகைப்பது இதனாலேதான். 2022 பெப்ரவரியில் எல்டன் றிங் வெளிவந்தபோது வலிய கணினிகளிலும் அது திக்கிற்று. அதே மாத இறுதியில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்னுங் கையடக்கக் கணினியை அனுப்பத் தொடங்கியது. நான்கு கோர் கொண்ட சிறு பொறி அது. ஆனால் அச்சிறு பொறியில் அதே விளையாட்டு அத்துணை திக்கவில்லை. ஷேடர்களை முன்னதாகவே ஆக்கி அனுப்பும் ஏற்பாடு அதில் இருந்தது. அன்றியும், நினைவகத்தை அவ்விளையாட்டு கேட்டுப் பெறும் முறையிலிருந்த தாமதத்தை வால்வ் பொறியியலாளர் இடையிலுள்ள மென்பொருளிலே திருத்தியிருந்தனர். பெரியதை வெல்லச் சிறியதற்கு இயன்றது வலிமையால் அன்று என்பதைக் கவனிக்க.

திரையும் தன் பங்குக்குக் கெடுக்கும். 60 ஹேர்ட்ஸ் திரை, நேரந் தவறாத தபால் வண்டியைப் போன்றது, 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை புறப்படும். 17ஆம் மில்லிசெக்கனில் ஓடி வந்த படம் அடுத்த வண்டிக்கே ஏறும். இதனாற் பார்ப்பவனுக்கு 33 மில்லிசெக்கன் இடைவெளி தோன்றும். படம் வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் திரைகளும் உள. என்விடியா 2013இல் அறிவித்த ஜீ-சிங்க், ஏ.எம்.டி. 2015இற் கொணர்ந்த பிறீசிங்க் என்பன அவை. அத்தகைய திரை இல்லாதவர், பொறி எப்பொழுதுங் கொடுக்கக்கூடிய அளவிலே படங்களுக்கு ஓர் உச்ச வரம்பு இட்டுவிடுவது நன்று. 60இலும் 120இலும் மாறி மாறி ஊசலாடுவதை விட அசையாத 60 மேல். காசு செலவில்லாத இப்பரிகாரத்தை இளைஞர் விரும்புவதில்லை. எண் குறைந்து தெரிகின்றதல்லவா!

நோயின் குணத்தைக் கொண்டே இடத்தை அறிதல் கூடும். விளையாட்டில் ஒரு வீதியை முதன்முறை கடக்கும்போது திக்கி, இரண்டாம் முறை அதே வீதியில் வழுக்கிச் சென்றால் அது ஷேடர் ஆக்கத்தின் வேலை; சிலநாளில் தானே தணியும். விண்டோஸுக்கும் கார்டுக்கும் இடையே நின்று பேசும் டிரைவர் என்னும் மென்பொருளைப் புதுப்பித்தால், ஆக்கி வைத்தவை அழிந்து மறுபடியுந் தொடங்குவதும் உண்டு. எத்தனை முறை சென்றாலும் அதே வாயிலில், அதே பாலத்தில் திக்கினால், அவ்விடத்தில் விளையாட்டு அடுத்த நிலப்பரப்பைக் களஞ்சியத்திலிருந்து ஏற்றுகின்றது. எஸ்.எஸ்.டி.யில் இருந்தும் அவ்வாறாயின் பிழை பெரும்பாலும் விளையாட்டை ஆக்கியவருடையது. தொடக்கத்தில் நன்றாயிருந்து கால்மணி, அரைமணி கழித்துக் கெட்டால் வெப்பத்தையோ நினைவக நிரம்பலையோ ஐயுறவேண்டும். மற்ற ஆட்டக்காரர் மட்டுந் தாவித் தாவித் தோன்றி, தம் பார்வை தடையின்றித் திரும்பினால் அது இணையத்தின் குறை; நாம் இணையும் சேவையகம் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கும்போது, வீட்டுக் கார்டை மாற்றி அதனைத் தீர்த்தல் எவ்வாறு?

கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிவது தனி வகை. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஒவ் அஸ் முதற் பாகம் கணினிக்கு வந்தபோது, 8 ஜிகாபைட் கார்டு வைத்திருந்தோர் பலர் இதனால் இடர்ப்பட்டனர். மேற்பரப்புகளின் நுணுக்கத்தை ஒருபடி குறைத்தால் திக்கல் சட்டென்று நின்றுவிடுமாயின் நோய் இதுவே.

வெப்பத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இக்கருவிகளைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. உள்வெப்பநிலை 95 முதல் 100 பாகை செல்சியசை அணுகியதும் பெரும்பாலான புரொசஸர்கள் தம்மைக் காக்கும்பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைக்கும். குறைத்ததும் சற்றுக் குளிரும், குளிர்ந்ததும் மறுபடி விரையும், மறுபடி சுடும். இவ்வேற்ற இறக்கமே திரையிலே திக்கலாகத் தெரிகின்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதப் பிற்பகலில், ஓட்டுக் கூரையின் கீழே, மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்து விளையாடும் பிள்ளைக்கு இது நேராதிருந்தாலே வியப்பு. செம்மண் தூசி காற்றுத் துவாரத்தை அடைத்திருக்கும். கணினியை அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர், விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையாற் துடைப்பது ஆண்டுக்கு இரு முறையேனுஞ் செய்யத்தக்கது. மடிக்கணினியை மரப்பலகையின் மேல் வைக்கவேண்டும். சார்ஜரைப் பூட்டியே விளையாடவேண்டும். மின்கலத்தில் ஓடும்போது பொறி தன் வலிமையைத் தானே ஒடுக்கிக்கொள்ளும்.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். 16 ஜிகாபைட் ஒரே துண்டாக இருப்பதினும் 8 ஜிகாபைட் இரு துண்டுகளாக இருப்பது விளையாட்டுக்கு உகந்தது. இரு வாயிலாற் தரவு செல்லும். விற்பவர் பலர் ஒன்றையே பூட்டிக் கொடுத்துவிடுகின்றனர். டாஸ்க் மனேஜரைத் திறந்தால், எத்தனை துளையில் எத்தனை நிரம்பியுள்ளது என்பதும், எம் பிள்ளைகள் மூடாமல் விட்ட இருபது முப்பது இணையப் பக்கங்கள் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகின்றன என்பதும் கண்முன்னே தெரியும்.

மேலே கூறியவற்றையெல்லாம் ஒரே மாலையிற் செய்துவிட முற்படுவதே இளைஞர் செய்யும் பெரும் பிழை. யாரோ ஒருவர் வீடியோவிற் சொன்ன பத்து உபாயங்களை ஒருங்கே செய்கின்றனர். திக்கல் குறைந்தால் எதனாற் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் அப்படியே. ஆய்வுகூடத்திலே ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைக்கவேண்டும் என்று படித்த பிள்ளை, வீட்டிலே அதனை மறந்துவிடுகின்றான். விளையாட்டின் ஒரே பகுதி, ஒரே பாதை, மும்முறை ஓட்டம், பிறகு ஒரே ஒரு மாற்றம், மறுபடி மும்முறை. "வேகங் கூட்டித் தருவோம்" என்று விளம்பரஞ் செய்யும் மென்பொருள்களை நாடவே வேண்டாம். அவற்றுட் பல, பின்னணியில் ஓடித் திக்கலைக் கூட்டுவன.

கொக்குவில் அம்மையாருக்கு நாம் உடனே விடை எழுதவில்லை. மகன் ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு வைக்கட்டும் என்று மட்டும் எழுதினோம்: திக்கிய நேரம், அப்பொழுது திறந்திருந்தது எது, எவ்வளவு நேரம் நின்றது, ஒலியும் நின்றதா, சுட்டி அசைந்ததா. அதற்கு முன்னர்ப் பாடக் குறிப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவிற் பிரதி செய்துகொள்ளவுஞ் சொன்னோம். உறைதலுக்குக் காரணம் சாகுந் தறுவாயிலுள்ள தட்டாகவும் இருக்கலாம். கார்ட் போனால் வாங்கலாம், இரண்டு ஆண்டுக் குறிப்பு போனால் எங்கே வாங்குவது?

எட்டாம் நாள் இரண்டு பக்கம் வந்தது. தெளிவான கையெழுத்து. "இரவு 8.40. விளையாட்டு. ஒரு செக்கனுக்கு மேல். ஒலியும் நின்றது." "இரவு 9.55. விளையாட்டு. மிகச் சிறிது. ஒலி நிற்கவில்லை." இவ்வாறு பல வரி. இடையிலே ஒரு வரி எம் கண்ணை நிறுத்தியது: "பிற்பகல் 4.15. பௌதிகப் பாட வீடியோ. ஒரு செக்கனுக்கு மேல். ஒலியும் சுட்டியும் நின்றன." விளையாட்டே திறந்திராத வேளையில் நின்றதாயின் விளையாட்டின் மேலும் கார்டின் மேலும் பழி சுமத்துவது எங்ஙனம்? ஒருவனிடத்தில் இரண்டு நோய் இருந்தன. அவற்றை அவனே பிரித்து எழுதியிருந்தான், தான் பிரித்திருப்பதை அறியாமலே.

பெரிய நோயின் கதை இது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, ரி.பி.எம். என்னும் பாதுகாப்பு ஏற்பாடு கணினியில் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஏ.எம்.டி. றைசன் புரொசஸர் கொண்ட கணினிகளில் அது தனிச் சில்லாக அன்றிப் புரொசஸரோடு சேர்ந்த நிரலாகவே இயங்கும். அந்நிரல் இடையிடையே தாய்ப்பலகையிலுள்ள ஒரு மெதுவான நினைவகச் சில்லோடு நெடிய கொடுக்கல் வாங்கல் செய்யும்போது கணினி முழுவதுஞ் சற்று நேரம் நின்றுவிடக்கூடும் என்று 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே ஒப்புக்கொண்டது. தாய்ப்பலகையின் அடிப்படை நிரலாகிய பயோஸைப் புதுப்பிப்பதே பரிகாரம். புதிய பயோஸ்கள் அவ்வாண்டு மே மாதந் தொட்டு வரலாயின. விண்டோஸைத் திரும்ப நிறுவினாலும் தீராது, கார்டை மாற்றினாலுந் தீராது. இப்பையனுடைய கணினி றைசன் வகை. விண்டோஸ் 11 பூட்டியது. பயோஸின் திகதியோ 2021. விற்றவரும் வாங்கியவரும் அதனைத் தொடவேயில்லை.

பயோஸைப் புதுப்பிப்பது பத்து நிமிட வேலை. ஆயினும் நடுவில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகவுங்கூடும். இந்நாட்டில் இதனை அழுத்திச் சொல்லவேண்டும். யூ.பி.எஸ். உள்ள இடத்தில், தாய்ப்பலகையின் சரியான மாதிரி இலக்கத்தைப் பார்த்து, அதை ஆக்கிய நிறுவனத்தின் கோப்பையே எடுத்துச் செய்யவேண்டும். விண்டோஸிலே தட்டுப் பூட்டு இடப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்வதும் அவசியம்; பயோஸ் மாறியதும் கணினி அதனைக் கேட்கலாம். பையன் தன் பாடசாலையிலுள்ள தகவற் தொழினுட்ப ஆசிரியரின் உதவியோடு இதனைச் செய்தான். அதன்பின் மூன்று வாரமாக அந்த நீண்ட நிற்றல் ஒருமுறையேனும் வரவில்லை என்று எழுதியிருக்கின்றான். "இரவு 9.55" வகைச் சிறு திக்கல் மட்டும் புதிய இடங்களுக்குப் போகும்போது இன்னும் உண்டாம். அது ஷேடர் ஆக்கம், அதனோடு வாழலாம். செலவு ஒன்றுமில்லை. கட்டாருக்கு என்ன எழுதினார் என்பதை அம்மையார் எமக்கு அறிவிக்கவில்லை. ஆனால் அக்குறிப்பேட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிவிட்டதாக மட்டும் ஒரு வரி இருந்தது.

எல்லா வீட்டிலும் இவ்வாறு முடியும் என்பதற்கில்லை. ஒலி ஒரே சுருதியில் இரைந்தபடி கணினி முற்றாக உறைந்து, அணைத்தாலன்றி மீளாதாயின், நினைவகத் துண்டோ மின்வழங்கியோ பழுதாகியிருக்கலாம். விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையை ஓரிரவு ஓடவிட்டுப் பார்த்த பின்னரே கடைக்குச் செல்க. அத்தகைய பழுதுக்குப் பாகம் மாற்றத்தான் வேண்டும்; அங்கே கஞ்சத்தனம் ஆகாது.

சிலவேளை பிழை வீட்டில் எவரிடத்தும் இராது. 2021இல் வெளிவந்த றெசிடென்ட் ஈவில் வில்லேஜ், பகைவர் தோன்றும் தருணங்களிலே திக்கிற்று. களவுப் பிரதியைத் தடுக்கச் சேர்த்த மென்பொருளே காரணம் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வாண்டு யூலையிற் கப்கொம் நிறுவனம் அத்தடுப்பைச் செம்மை செய்த திருத்தமொன்றை வெளியிட, திக்கல் நீங்கிற்று. காசு கொடுத்து வாங்கியவனே அதுவரை அல்லற்பட்டான் என்பது வேடிக்கை. 2023 ஏப்ரிலில் வந்த ஸ்டார் வார்ஸ் ஜெடாய் சர்வைவர், மிக உயர்ந்த விலைக் கணினிகளிலுந் திக்கிற்று. இத்தகைய விளையாட்டுக்கு ஏற்ற கணினியைத் தேடுவது வீண். வெளிவந்து சில மாதம் பொறுத்து, திருத்தங்கள் வந்த பின் வாங்கினால் விலையுங் குறைந்திருக்கும்.

பொறுக்கமாட்டாமல் வாங்கிவிட்டவர்க்கும் வழியுண்டு. ஸ்டீம் என்னும் விற்பனைத் தளத்தில், வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாயின், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் விளையாட்டு திறந்திருக்கும் நேரமெல்லாம் அக்கணக்கிற் சேரும். தி லாஸ்ட் ஒவ் அஸ் போன்றவை முதன்முறை திறந்ததும் ஷேடர் ஆக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கும், அதுவுஞ் சேரும். ஆகவே அதனை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.